மிகுதிப்பொருள் வழக்குகள்: ஆங்கிலப் பேச்சும் இராசிங்காபுரத்துப் பேச்சும்

உப்புப் பானை வெறுமையாயிற்று. அதனைக் கண்ட வீட்டுத் தலைவி 'உப்பு இல்லை' என்னாள். 'உப்பு நிறைஞ்சு போச்சு' என்பாள். கேட்ட மகன் உடனே கடைக்குப் புறப்படுவான். போடிநாயக்கனூரினின்று தேவாரம் செல்லும் வழியில், ஏலமலையின் அடிவாரத்தில் அமைந்த இராசிங்காபுரத்தில் மூதாட்டியர் வாயில் இவ்வழக்கை இன்றும் கேட்கலாம். தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலும் இஃது உண்டு. இத்தொடரைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்திற் பெயர்ப்பான் ஒருவன், பானை நிரம்பியுள்ளது என்றே எழுதுவான். சொற்பொருள் அளவில் அவன் பிழைத்தானல்லன்; ஆயின் அன்றைய குழம்பு உப்பின்றி முடியும்.

மிகுதிப்பொருள் வழக்குகளை ஆராயப் புகுவார்க்கு இதனினும் சிறந்த வாயில் கிடைத்தல் அரிது. நிறைவைக் குறிக்கும் சொல் ஒன்று, அந்நிறைவே இல்லாத இடத்தில் நிற்கின்றது. நின்றும் பொருள் மயக்கம் விளைப்பதில்லை. எனவே மிகுதிச் சொல் பொருளின் அளவை மட்டும் உணர்த்துவதன்று என்பது பெறப்படும். பேசுவான் அப்பொருளை எவ்வாறு நோக்குகின்றான், வேண்டி நிற்கின்றானா, வெறுத்து நிற்கின்றானா, சுமக்க மாட்டாது நிற்கின்றானா என்பதையும் அது உடன் உணர்த்துகின்றது. ஆங்கிலப் பேச்சு வழக்கில் மிகுதி குறிக்கும் தொடர்கள் பலவற்றிற்கும் 'ஏராளமாக', 'மிகுதியாக', 'நிறைய' என்னும் மூன்று சொற்களையே மாற்றி மாற்றி வழங்கும் நம் மொழிபெயர்ப்பு முறை இந்நோக்கைக் கைவிடுகின்றது என்பதே இக்கட்டுரையிற் கூறப்புகுவது. கைவிடப்படும் அந்நோக்கினை உணர்த்தும் வழக்குகள் நம் சிற்றூர்களிற் குறைவின்றி உள்ளன. அவை அகராதிக்குள் புகாமையே குறை.

தொல்காப்பியனார் உரியியலில் உறு, தவ, நனி என்னும் மூன்றனையும் மிகுதிப் பொருளன என ஒருங்கு வைத்து ஓதினார். நன்னூலார் அவற்றோடு சால, கூர், கழி என்பனவற்றையும் கூட்டி ஆறாக்கினார். இவற்றை நோக்கும் மாணாக்கர் பலர், இவ்வாறும் ஒருபொருட் பன்மொழிகளே என்று கருதி அமைந்துவிடுகின்றனர். உரிச்சொல் இசையினும் குறிப்பினும் பண்பினும் தோன்றுவது என்று ஆசிரியர் முன்னரே வகுத்துவைத்ததனை அவர்கள் மறந்துவிடுகின்றனர். மிகுதி என்பது பண்பாயின், அம்மிகுதியைப் பேசுவான் கொள்ளும் முறை குறிப்பாகும். அகராதியாளர் பண்பை எடுத்துக்கொண்டு குறிப்பை விட்டுவிட்டனர்.

அவ்வாறனுள் 'சால' என்பதன் வரலாறு தனியே எடுத்து நோக்கத் தக்கது. தமிழில் இச்சொல் இன்று செய்யுளிலும் உயர்ந்தோர் உரைநடையிலும் அன்றி வழங்குவதில்லை. ஆனால் போடி வட்டாரத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட மக்கள் பலர் வாழ்கின்றனர். அவர்தம் இல்லங்களில் 'சாலா' என்பது நாள்தோறும் நூறுமுறை கேட்கப்படும் சொல். நன்னூல் வகுப்பிற் பொருள் கூறி விளக்கவேண்டிய ஒரு சொல், பள்ளிக்கு வெளியே, அடுத்த தெருவில், சிறுவர் வாயில் உயிரோடு உலவுகின்றது! மேலும் தெலுங்கில் 'சாலு' என்பது 'போதும்' என்னும் பொருட்டு. கன்னடத்திலும் 'சாலு' என்பது போதியதாதலைக் குறிக்கும். தமிழிற் 'சால்' என்னும் அடி நிறைதல், அமைதல் என்னும் பொருள்தந்து, 'சால்பு', 'சான்றோர்' என உயர்ந்து சென்றது. ஓரடியினின்றே போதுமென்னும் பொருளும், மிகப் பலவென்னும் பொருளும், குணத்தால் நிறைந்தோரென்னும் பொருளும் கிளைத்தன.

இதனை ஆங்கிலத்தோடு ஒட்டி நோக்குவார்க்கு ஒரு வியப்புத் தோன்றும். 'கலோர்' என்பது ஆங்கிலப் பேச்சில் மிகுதி குறிக்கும் சொற்களுள் ஒன்று. பெயர்க்குப் பின்னே நின்று 'வேண்டுமட்டும்' என்னும் பொருள் தருவது. பதினேழாம் நூற்றாண்டில் ஐரிசு மொழியிலிருந்து ஆங்கிலத்திற் புகுந்தது. ஐரிசில் அதன் உறுப்பாகிய 'லோர்' என்பதன் பொருள் 'போதுமான' என்பதே. தெலுங்கிற்கும் ஐரிசிற்கும் உறவு இல்லை. எனினும் இரண்டிலும் 'போதும்' என்னும் சொல்லே 'மிகப் பல' என்னும் சொல்லாக வளர்ந்தது. பசித்திருந்தானுக்குப் போதுமென்பதே பெருமிகுதியாகத் தோன்றும் போலும். 'கலோர்' என்பதற்கு 'ஏராளமாக' என்று பொருளெழுதுவோர், அச்சொல்லிற் புதைந்து கிடக்கும் அமைவுக் குறிப்பை இழக்கின்றனர். நம் பேச்சு வழக்கிற் கிடக்கும் 'வேண்டுமட்டும்', 'போதும் போதுமென்கிற அளவுக்கு' என்பன அதற்கு மிக அணியவை. 'விருந்தில் பலகாரம் போதும் போதுமென்கிற அளவுக்கு இருந்தது' என்று கூறுமிடத்துப் பலகாரத்தின் தொகை மட்டுமன்றி, உண்டார் மனமும் புலனாகின்றது.

இனி அளவையை நோக்குவோம். இராசிங்காபுரம் மலையின் மழைமறைவுப் பக்கத்தில் உள்ளது. ஆனி, ஆடித் திங்களிற் மேற்கே மலைமுகட்டில் முகில் கவிந்து பெய்துகொண்டிருக்க, அடிவாரத்திற் காற்றே மிக்கு வீசும். அக்காட்சியை நாளும் கண்டு வாழ்வோர் மிகுதியைப் பற்றிப் பேசும்போது எளிதிற் பேசிவிடுவதில்லை. களத்திற் குவித்த தவசத்தைப் 'பொலி' என்பர். வாரித் தூற்றும்போது 'பொலியோ பொலி' என்பர். மரக்காலால் அளப்பவன் முதல் அளவை 'ஒன்று' என்று எண்ணாது 'லாபம்' என்று எண்ணி, அடுத்ததை 'இரண்டு' என்பான். இவை தமிழ்நாடெங்கணும் உழவரும் வணிகரும் போற்றிவந்த வழக்குகள். 'ஒன்று' என்னும் சிறுமைச் சொல்லால் அளவைத் தொடங்க அவர்கள் விரும்பிற்றிலர். உப்பு நிறைந்தது என்பதும் இவ்வினத்ததே. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக்கினார் அன்றோ? அவற்றுள் மங்கலம் என்பதற்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகளுட் சில சாவு பற்றியன. வெறுமையை நிறைவென்னும் இவ்வீட்டு வழக்கையும் அதன்கண் அடக்குதல் வேண்டும். அளவு கூறுமுன் அளவு பெருக வேண்டுமென்னும் விருப்பமே இவற்றின் உயிர். அறிந்த அளவில் ஆங்கிலப் பேச்சில் இதற்கு நேரான வழக்கு இல்லை. பதின்மூன்றைக் குறிக்கும் 'ரொட்டிக்காரன் டஜன்' என்பதை ஒருவாறு இதனருகே வைக்கலாம். எடை குறைத்து விற்ற ரொட்டிக்காரரை இடைக்கால இங்கிலாந்தின் சட்டம் ஒறுத்தது. ஒறுப்பிற்கு அஞ்சியவர் ஒன்று கூட்டி விற்றனர் என்பது அத்தொடர்க்குக் கூறும் விளக்கம். நம் கடைத்தெருவில் அதற்கு நிகர் 'கொசுறு'. ஆயின் கொசுறு அச்சத்தால் ஈவதன்று, கேட்டுப் பெறுவது. கேளாதவனுக்குக் கறிவேப்பிலையும் கிட்டாது.

மரக்காலும் படியும் ஆட்சியிலிருந்து நீங்கி நெடுங்காலமாயிற்று. 1956-இல் அளவைகட்கான மையச் சட்டம் இயற்றப்பட்டு, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதன்பின்னரும் மக்கள் மனத்தில் மிகுதி படியிலேயே அளக்கப்பட்டது என்பதற்கு நாடறிந்த சான்று ஒன்றுண்டு. 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று முழங்கியது. வென்றபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படித் திட்டம் தொடங்கப்பெற்றது. மெட்ரிக் முறை வந்து ஒன்பது ஆண்டாகியும் அம்முழக்கம் கிலோவில் அமையவில்லை. அரசியலை விடுத்து மொழி நோக்கில் மட்டும் காண்பார்க்கும் காரணம் புலனாகும். படி என்பது கண்ணாற் காணத்தக்கது. தலைதட்டியும் அளக்கலாம், கூம்பாகக் குவித்தும் அளக்கலாம். அளப்பவன் கைவண்மை அதிற் புகுந்து நிற்கும். கிலோவிற்குத் தலையும் இல்லை, கூம்பும் இல்லை.

அளவை உள்ளவிடத்து மங்கலச் சொல் தோன்றுதல் போல, அளவை கடந்தவிடத்து மற்றொரு வகைச் சொல் தோன்றுகின்றது. 'மானாவாரியாக' என்பதனைக் காண்க. மானாவாரி என்பது வானவாரி என்பதன் மரூஉ என்பர். வான்மழையை மட்டும் நம்பிய நிலம் என்பது பொருள். இராசிங்காபுரத்தைச் சூழ்ந்த புன்செய்களிற் பல அத்தகையனவே. அந்நிலம் வளமிக்கதன்று, விளைச்சல் உறுதியுமன்று. அங்ஙனமிருக்க, 'மானாவாரியாகத் திட்டினான்', 'மானாவாரியாகச் செலவழித்தான்' என மிகுதிப்பொருளில் அச்சொல் வழங்குவது எவ்வாறு? வாய்க்காலும் மடையும் உள்ள நன்செயில் நீரை வேண்டுமிடத்துத் திறந்து வேண்டாவிடத்து அடைப்பர். மானாவாரியில் அடைப்பதற்கு மடை இல்லை, பெய்தால் பெய்ததே. ஆகவே இவ்வழக்கில் உணர்த்தப்படுவது மிகுதியன்று, மடையின்மை. இதனை 'ஏராளமாகத் திட்டினான்' என்று மாற்றிப் பார்க்க. தொடர் உயிரிழந்து நிற்பது தெரியும். வைதவன் தன்னை அடக்கிக்கொள்ளவில்லை என்னும் குற்றச்சாட்டு அதிலிருந்து கழன்றுவிடுகின்றது.

'கொள்ளை' என்பதும் இவ்வாறே ஆராய்தற்பாலது. 'கொள்' என்னும் அடிப்பிறந்து, விலை கொடாமற் பறிப்பதைக் குறித்த இச்சொல், 'கொள்ளை அழகு', 'கொள்ளை ஆசை' என்னுமிடங்களிற் குற்றம் நீங்கிப் பாராட்டாயிற்று. 'கொள்ளை மலிவு' என்பதில் வாங்குவோன் மகிழ்ச்சி ஒலிக்கின்றது. எண்ணிப் பார்த்தால் அங்கும் ஒருவன் பறிக்கின்றான், ஒருவன் இழக்கின்றான். 'கொள்ளை இலாபம்' என்னும்போதோ பழைய குற்றப்பொருள் முழுமையாக மீண்டுவிடுகின்றது. ஒரே சொல் மூன்றிடத்து மூன்று குறிப்போடு நிற்கின்றது. 'மிகுந்த இலாபம்' என்பதனையும் 'கொள்ளை இலாபம்' என்பதனையும் ஒன்றாகக் கருதும் அகராதி, நீதிமன்றத்தில் வழக்குக்கே இடந்தரும்.

எண்ணாற் கூறும் மிகுதியிலும் இக்குறிப்பு மாற்றம் உண்டு. கோயிலில் இறைவனுக்கு ஆயிரத்தெட்டுப் பெயர் கூறி அருச்சிப்பர். அதே எண் வீட்டிற்கு வந்ததும் 'ஆயிரத்தெட்டு வேலை கிடக்கு', 'ஆயிரத்தெட்டுக் குறை சொல்லுவாள்' எனச் சலிப்பை ஏற்கின்றது. ஆங்கிலத்தில் 'அம்ப்டீன்' என்பது இதற்கு மிக நெருங்கியது. தந்தியாளர் நெடுங்கோட்டுக் குறியை 'அம்ப்டி' என்று விளையாட்டாக வழங்கியதிலிருந்து அது பிறந்தது என்பர். ஒன்று கருவறையினின்றும் மற்றொன்று தந்திக் கூடத்தினின்றும் புறப்பட்டு, இரண்டும் பொறுமையிழந்தோர் வாயில் வந்து சேர்ந்தன. பலமுறை சொல்லியும் கேளாத பிள்ளையைத் தாய் கடியுமிடத்து வரும் 'அம்ப்டீன்' என்பதற்குப் 'பல' என்பது பொருளாகுமேயன்றி மொழிபெயர்ப்பாகாது. 'ஆயிரத்தெட்டுத் தடவை' என்பதே மொழிபெயர்ப்பு.

அளவைப் பெயரை இரட்டித்து மிகுதி காட்டல் தமிழுக்கு இயல்பு. மூட்டை மூட்டையாக, கூடை கூடையாக, வண்டி வண்டியாக, சரம் சரமாக என்பன காண்க. ஏலச் செடியின் அடியிற் படர்ந்து காய்க்கும் கிளையைச் 'சரம்' என்பர். ஆதலின் 'சரம் சரமாக' என்பது மலையிற் காட்சியாகவும் பூக்கடையில் உவமையாகவும் நிற்கும். எப்பெயரை இரட்டித்தாலும் இப்பொருள் வாராமை ஈண்டு நோக்கத்தக்கது. 'வீடு வீடாக' என்றால் பல வீடு என்பதன்று, ஒவ்வொரு வீடாக என்பதே. 'படிப்படியாக' என்பதில் நெல் அளக்கும் படி மறைந்து ஏறும் படியே நிற்கின்றது. கொள்கலமும் குவியலும் ஆகிய பெயர்களே பெரும்பாலும் இரட்டித்து மிகுதி காட்டுகின்றன. ஆங்கிலமோ பன்மை விகுதி ஒன்றாலேயே இதனைச் செய்கின்றது. சுமை, குவியல், டன் ஆகியவற்றிற்கான சொற்களைப் பன்மையாக்கி எப்பொருளோடும் சேர்க்கும். நேரமும் அன்பும் கூட அங்குச் சுமை சுமையாகக் கிடைக்கும். அவ்வகையில் அச்சொற்கள் தம் பாரத்தை முற்றும் இறக்கி வைத்துவிட்டன.

இச்சொற்களுள் ஒன்று போடி வட்டாரத்திற்கு வந்து என்னாயிற்று என்பது சுவையான செய்தி. 'லோடு' என்பது இங்கு வண்டிப் பாரம். 'ரெண்டு லோடு மண்', 'ஒரு லோடு மாங்காய்' என்பன கூலியும் வாடகையும் பேசிமுடிக்கப்படும் அளவைச் சொற்கள். 'லோடு லோடாக மாங்காய் இறங்குது' என்று ஒருவர் கூறின், சந்தையில் லாரிகள் உண்மையாகவே வரிசையில் நிற்கின்றன என்று கொள்க. ஆங்கிலத்திற் பாரம் இழந்த சொல், தமிழில் மீண்டும் பாரம் ஏற்றிக்கொண்டது. அதுமட்டுமன்றி நம் இரட்டிப்பு இலக்கணத்தையும் ஏற்றுக்கொண்டது. எனவே ஆங்கிலப் புதினத்தில் ஒருத்தி தனக்கு 'லோட்ஸ்' நேரம் இருப்பதாகக் கூறுமிடத்து, 'லோடு லோடாக நேரம்' என்று பெயர்த்தல் நகைப்பிற்கிடமாகும். 'நேரம் கிடக்கு' என்னும் எளிய வழக்கே போதும். 'கிடக்கு' என்பதில் உள்ள அசைவின்மை, அவசரமின்மையை நன்கு உணர்த்தும்.

இனி, மிகுதியால் மதிப்பழிதல். ஆங்கிலத்திற் 'டைமுக்கு ஒரு டஜன்' என்பது அமெரிக்க வழக்கு. டைம் என்பது பத்துச் சென்ட் நாணயம். பத்துச் சென்டிற்குப் பன்னிரண்டு கிடைக்கும் பொருள் எளிதிற் கிடைப்பது, ஆதலின் மதிக்கத் தகாதது என்பது கருத்து. முதலில் முட்டையும் பழமும் போன்ற பண்டங்கட்கு விலை கூறிய தொடர், பின் மாந்தரையும் கருத்துக்களையும் இகழ வந்தது. 'நிறையக் கிடைக்கும்' என்று இதனைப் பெயர்ப்பார் இகழ்ச்சியை விட்டு, அதற்கு நேர்மாறான நற்செய்தியைத் தந்தவராவர். இராசிங்காபுரத்து உழவர் இதற்கு வேறு சொல் வைத்திருக்கின்றனர்: 'சீரழியுது'. தக்காளி மிக விளைந்து பறிகூலிக்கும் கட்டுபடியாகாத நாளில் 'தக்காளி சீரழியுது' என்பர். சீர் என்பது அழகும் செல்வமும் மதிப்பும் எடையும் ஆகிய பல பொருளொரு சொல். பொருள் மிக்கது, அதனாலேயே அதன் சீர் அழிந்தது. பொருளியல் நூல் பல பக்கத்தில் விளக்கும் உண்மை இவ்வொரு வினையில் அடங்கிற்று. 'எம்.ஏ. படித்தவர்கள் தெருவில் சீரழிகிறார்கள்' என்று மாந்தர்மேல் அதனை ஏற்றுமிடத்து, ஆங்கிலத் தொடரில் இல்லாத இரக்கமும் உடன் சேர்கின்றது. 'டைமுக்கு ஒரு டஜன்' என்பவன் இகழ்ந்து அப்பாற் செல்கின்றான். 'சீரழிகிறார்கள்' என்பவன் நின்று வருந்துகின்றான். இவ்வேறுபாடு உள்ளமையால், இழிப்பு மட்டும் வேண்டுமிடத்துத் 'தடுக்கி விழுந்தால்' என்னும் வழக்கு ஏற்புடைத்து. 'தடுக்கி விழுந்தால் ஒரு கவிஞர்' என்பதை எந்த ஆங்கிலேயனும் தன் தொடரின் உடன்பிறப்பாக ஏற்றுக்கொள்வான்.

மலையேறினால் இவ்வேறுபாடு இன்னும் நுட்பமாகும். ஏலத்தோட்டத்திற் காய் எடுக்கச் செல்லும் பெண்டிர் 'இந்தத் தடவை காய் கொட்டிக் கிடக்கு' என்று மகிழ்ந்து கூறுவர். எடுப்பு மிகுதியாயின் வேலைநாளும் மிகும். 'காய்ச்சுத் தள்ளியிருக்கு' என்பதும் அப்பொருட்டு. ஐந்து கிலோப் பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ அளவே தேறும். ஆதலின் செடியருகே நின்றார் கூறும் மிகுதி, 'ஸ்டோர்' என வழங்கும் உலர்கூடத்தைக் கடக்கும்போது ஐந்திலொன்றாகின்றது. பின் அது போடிக்கு வந்து விற்பனையாகுமிடத்து வணிகர் வழங்கும் சொல் 'வரத்து'. 'வரத்துக் கூடிப்போச்சு' என்பது விற்பார் காதிற்குக் கெட்ட செய்தி, வாங்குவார் காதிற்கு நல்ல செய்தி. காய் ஒன்றே, கொட்டிக் கிடத்தலும் வரத்துக் கூடுதலும் ஒன்றன்று. ஏலக்காயை ஏலத்தில் விற்கும் இவ்வூரில் அயலார்க்கு ஒரு மயக்கம் நேர்வதும் உண்டு: முன்னையது மலையில் விளையும் ஏலம், பின்னையது போர்த்துகீசிய மொழியினின்று கடற்கரை வழியே வந்த ஏலம். இரண்டும் போடியிற் சந்தித்தது மொழிவரலாற்றின் ஒரு நகைச்சுவை.

'தள்ளு' என்னும் துணைவினையை முற்கூறியதனால் ஒன்று சேர்த்துரைக்கலாம். மரம் காய்த்துத் தள்ளினாற் புகழ்ச்சி. ஒருவர் கட்டுரை எழுதித் தள்ளுகிறார் என்பது புகழ்ச்சியாகாது என்பதை இவ்விதழின் வாசகர்க்கு விளக்கவேண்டா.

மிகுதி பாரமாதலை உடலுறுப்பின் எல்லையாற் கூறல் இருமொழிக்கும் பொது. ஆங்கிலேயன் வேலையிற் காதுவரை மூழ்குவான். வேண்டாப் பொருள் அவன் காதின் வழியே வெளிவரும். தமிழனுக்குத் 'தலைக்கு மேல் வேலை'. அவன் உண்பது 'மூக்கு முட்ட', 'வயிறு முட்ட'. காது நமக்கு மிகுதியின் எல்லையாகவில்லை. உணவுக்கு மூக்கும் வேலைக்குத் தலையும் எல்லையாக, ஒன்றன் எல்லையை மற்றொன்றற்கு வழங்காமை நம் வழக்கின் ஒழுங்கு. 'மூக்கு முட்ட வேலை' என்பாரை யாம் கேட்டதில்லை. 'கழுத்துவரை கடன்' என்பதோ தனிப்பொருளது. கழுத்துவரை வந்த நீரில் மூச்சு இன்னும் உண்டு. கடன்பட்டானுக்கும் தப்பும் வழி சிறிது உண்டு என்பது குறிப்பு. தலைக்குமேற் சென்றாலோ சாண் என்ன, முழம் என்ன என்பது நாடறிந்த பழமொழி. அவ்விடத்து அளவையே பொருளற்றதாகிவிடுகின்றது. வைகையின் மேலாறுகளிலும் மலையோடைகளிலும் திடீரென வரும் காட்டு வெள்ளத்தைக் கண்ட மக்கள், இதனை உவமையாக அன்றி உண்மையாகவே கூறியிருத்தல் கூடும்.

இறுதியாக ஒரு சொல். 'பம்பர்' என்பது ஆங்கிலத்திற் பதினேழாம் நூற்றாண்டில் விளிம்பு தளும்ப ஊற்றிய மதுக்கிண்ணத்தைக் குறித்தது. அதனின்று பெருவிளைச்சலைக் குறிக்கும் அடையாயிற்று. நம் நாளிதழ்கள் 'அமோக விளைச்சல்' என்று எழுதுவது அதற்கு ஒத்த வழக்கே. ஆனால் இராசிங்காபுரத்தில் 'பம்பர்' என்றால் விளைச்சலை நினைப்பார் இலர். கேரள அரசு 1967 முதல் பரிசுச் சீட்டு நடத்திவருகின்றது. ஓணம் முதலிய விழாக்களை ஒட்டிய பெருங்குலுக்கலுக்குப் 'பம்பர்' என்று பெயர். தமிழ்நாட்டிற் பரிசுச் சீட்டு 2003-இல் தடைசெய்யப்பட்டது. போடிமெட்டைக் கடந்தால் கேரளம். மலைக்குக் கூலிவேலைக்குச் சென்று மீள்வார்க்கு அச்சொல் நன்கு பழகியது. ஆகவே இங்குப் 'பம்பர் அடிச்சது' என்பது உழைப்பினால் வந்த மிகுதியன்று. எதிர்பாராது ஒருவனை மட்டும் வந்து சார்ந்த மிகுதி. மதுக்கிண்ணத்திற் தொடங்கி வயல்வழிச் சென்று, சீட்டில் வந்து முடிந்த இச்சொல்லைத் தமிழகராதி எவ்வாறு பதிவு செய்தல் வேண்டும்? ஆங்கில அகராதியைப் பார்த்து 'நிறைந்த, பெரிய' என்று எழுதினால், அது இவ்வூர்ச் சொல்லாகாது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதி, பேச்சு வழக்கென்றும் வட்டார வழக்கென்றும் குறியிட்டுச் சொற்களைப் பதிந்தது பெரும்பணி. எர்மன் ஜென்சன் 1897-இல் பழமொழிகளைப் பொருள் அடிப்படையில் வகைப்படுத்தியதும் பாராட்டற்குரியது. 1992-இல் வெளிவந்த கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டுத் தொடர்களோடு இக்காலப் பொருளைத் தந்து ஒருபடி மேற்சென்றது. இவை தமிழை விளக்கும் நூல்கள். ஆங்கிலத்தினின்று தமிழுக்கு வரும் வழியில்தான் நிலைமை இரங்கத்தக்கது. அவ்வழியிற் செல்லும் மாணவன் தன் கையகராதியில் 'ஏராளம்' என்பதையே மீண்டும் மீண்டும் காண்கின்றான். கண்டு, தன் பாட்டி நாளும் பேசும் சொற்கள் எழுத்திற்கு உரியனவல்ல என்று முடிவு செய்துகொள்கின்றான். மொழிபெயர்ப்பில் நேரும் சிறு பிழையினும் அவன் கொள்ளும் இம்முடிவே கேடு மிக்கது.

வட்டார வழக்கை அகராதியில் ஏற்றினால் பிற வட்டாரத்தார்க்கு விளங்காதே என்று சிலர் மறுப்பர். 'சீரழியுது' என்பது சென்னையிலும் விளங்கும். 'ஆயிரத்தெட்டு' என்பது ஈழத்திலும் விளங்கும். உண்மையில் விளங்காமற்போகக் கூடியன சிலவே, அவற்றுள் முதன்மையானது நாம் தொடங்கிய உப்புப் பானை. அகராதியில் 'நிறை' என்னும் வினையின்கீழ், 'நிரம்புதல்' என்று எழுதியபின், 'வீட்டில் உப்பு, அரிசி, எண்ணெய் முதலியன தீர்ந்துபோதல். மங்கல வழக்கு' என்று ஒரு வரி சேர்த்தல் வேண்டும். இராசிங்காபுரத்து இளம்பெண்கள் பலர் இப்பொழுது 'உப்பு தீர்ந்திருச்சு' என்றே கூறத் தொடங்கியுள்ளனர். பாட்டியர் மட்டும் அதனைக் கேட்கும்போது முகம் சுளித்து, 'நிறைஞ்சு போச்சுன்னு சொல்லு' என்று திருத்துகின்றனர்.